நாலு வெட்டு வளையம்

ஜனவரி 18
என் வீட்டுக்காரர் எம்ரிஸ் போய்ச் சேர்ந்து பதினோரு வாரம். வேட்டைக்காட்டுக் காவலர் கெத்தின் வந்தார். சீசன் முழுக்கக் காசு கட்டுகிற துரைமார்தான் சுடுவார்கள்; கடைசி நாள் மட்டும், புதரிலிருந்து ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழியைக் கிளப்புகிறவர்களும், விழுந்ததை நாய் வைத்துப் பொறுக்குகிற நாங்களும் சுடலாம். "எம்ரிஸ் நின்ன எடத்துல நீ நில்லும்மா" என்றார். சரி என்றுவிட்டேன். இதுவரை பழகுவதற்காக வீசுகிற மண்தட்டுதான் சுட்டிருக்கிறேன், அதுவும் எம்ரிஸ் தயார் செய்து கையில் கொடுத்த துப்பாக்கியில்.

ஜனவரி 27
பக்கத்துப் பண்ணை ஈவோர் ஐந்தாம் நம்பர் தோட்டா ஒரு பெட்டி கொண்டுவந்தார். "உங்கிட்ட இருக்கிறது தட்டுக்கான பொடி ரவை நெஸ்டா. அதுல சுட்டா ஃபெசன்ட்டுக்குக் கிச்சுகிச்சு மூட்டுற மாதிரிதான்." தனக்கென்று வைத்திருந்ததாம்.

ஜனவரி 29
குழல் வாயில் திருகுகிற சோக் வளையங்கள் டப்பாவில் இருக்கின்றன. எழுத்து இல்லை. விளிம்பில் வெட்டுகள் மட்டும் — ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. எம்ரிஸ் சொல்வார்: "உசரமா வர்ற கோழிக்கு வாய் குறுகலா இருக்கணும். இல்லேன்னா ரவை செதறிப்போய் காயம்தான் படும்." நாலு வெட்டுதான் ரொம்பக் குறுகல். அப்படித்தானே இருக்கும்? ஈவோரைக் கேட்கலாம். சிரிப்பார். கேட்கவில்லை. நாலு வெட்டையே இரண்டு குழலிலும் திருகினேன்.

பிப்ரவரி 1
பதினெட்டுத் தடவை சுட்டேன். நேராக விழுந்தது இரண்டு. ஏழு கோழி காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் போயின. எத்தனை வருஷம், கொல்லாமல் காயப்படுத்திப் பறக்கவிடுகிற துரைமார்களிடம் கேட்டிருக்கிறேன், "ஊசி போட்டு அனுப்புறீங்களா?" என்று!
சாப்பாட்டுக் கொட்டகையில் கெத்தின், "என்னம்மா ஆச்சு?" என்றார். வாயில் வந்துவிட்டது: "ஈவோர் குடுத்த தோட்டா... ஈரம் போல."
"ஏண்டா ஈவோர், ஆத்துக்குள்ளயா வச்சிருந்த?" என்று ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். ஈவோர் முகம் சிவந்து, "மன்னிச்சுக்க நெஸ்டா" என்றார். என்னிடம் — அவர்!

பிப்ரவரி 2
என் நாய் ஃபிளிக்கைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் போனேன். முள்புதரிலிருந்து ஒன்றை உயிரோடு கொண்டுவந்தது. கண் திறந்துதான் இருந்தது. கழுத்தைத் திருகினேன். மற்ற ஆறு?

பிப்ரவரி 3
துப்பாக்கி துடைத்தேன். வளையங்களைக் கழற்றி டப்பாவில் வைக்கும்போது சும்மா சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நாலு வெட்டில் தாராளமாக நுழைந்தது. ஒரு வெட்டில் பாதியிலேயே நின்றது. ஒரு வெட்டுதான் குறுகல். அடிப்பாவி, விரலை விட்டுப் பாக்கத் தோணலியேடி உனக்கு! தோட்டாவில் ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 4
ஈவோர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 8
காவலர் விருந்து. ஈவோரைப் பார்த்து இன்னும் தண்ணீர்த் தோட்டா என்கிறார்கள். எழுந்தேன். நாலு வெட்டு ஒன்று, ஒரு வெட்டு ஒன்று, இரண்டு வளையத்தையும் மேசையில் வைத்தேன். "தோட்டா நல்ல தோட்டாதான். நாந்தான் இத மாத்திப் போட்டேன். தெரியலன்னா கேட்டிருக்கலாம் — வெக்கப்பட்டுக் கேக்கல. அப்புறம் இவரு மேல பழியப் போட்டேன்."
யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஈவோர் சுண்டுவிரலை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். பிறகு உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

நவம்பர் 9
சீசன் தொடங்கிவிட்டது. நான் பழையபடி நாயோடுதான். ஒரு துரை கோழியைக் காயப்படுத்திவிட்டு, "தோட்டா மட்டம்" என்றார். ஈவோர் என்னைப் பார்த்தார். நான் அந்தக் கோழியைத் தேட ஃபிளிக்கை அனுப்பினேன்.