ஐந்து வெடிக்கு ஒரே துளை

இன்று காலை சுடுதளத்தில் பக்கத்து மேசைக்காரன் ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே ஆறரை மில்லிமீட்டர் தோட்டாக்கள், நீ தேர்ந்தெடுத்த அதே வகை. பித்தளையின் மினுக்கத்தைப் பார்த்ததும் என் வாய் கசந்தது. ஹனோவரில் நீ இல்லாத இரண்டாவது வசந்தம் இது.

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் தமிழர் நாம் இருவர்தான். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இஞ்சை துவக்கு வேணுமெண்டு அன்ட்ராக் எழுதுது" என்று, துப்பாக்கி உரிமத்துக்கு நாம் நிரப்பும் விண்ணப்பங்களைக் காட்டி உன் மனைவி சிரிப்பாள்.

கடைத் துவக்கு எதுவும் உனக்குப் போதவில்லை. "முதல்லை தோட்டாவைத் தீர்மானிக்கவேணும் மச்சான். செருப்பைத் தைச்சுப்போட்டுக் காலைத் தேடுறேல்லை" என்றாய். காற்றுக்கு அதிகம் ஒதுங்காத, தோளை உதைக்காத ஒரு தோட்டாவைப் பிடித்துக்கொண்டாய். அதற்கேற்ற குழலுக்காக எட்டு மாதம் காத்திருந்தாய். தோட்டா அமரும் அறை சரியில்லையென்று துப்பாக்கிக் கம்மியரிடம் மூன்று தடவை திருப்பிக் கொடுத்தாய். கன்னம் பதியும் மரத்தை நீயே இழைத்தாய்.

அந்த நாட்களில் நீ என்னை விட்டுவைத்ததில்லை. நான் தோற்கும்போதெல்லாம் என் இலக்குத் தாளை உயர்த்திப் பிடிப்பாய். "இது ஆள் சுட்டதோ, எலி கடிச்சதோ?" அதை ஜெர்மனிலும் சொல்லிக் காட்டுவாய். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

துவக்கு முடிந்து வந்த சனிக்கிழமை, சங்கமே உன் பின்னால் நின்றது. ஐந்து வெடி வைத்தாய். தாளில் துளைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருந்தன.

"குழல் பிழை" என்றாய். "கம்மியன் ஏமாத்திப்போட்டான்."

நான் உன் கையைப் பார்த்தேன். பெருவிரல் தன்பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. பார்த்த பிறகுதான், "தா, நான் ஒருக்காச் சுட்டுப் பாக்கிறன்" என்றேன்.

ஐந்தும் ஒரே துளையில் போயின. தாளைக் கழற்றி உன்னைப்போலவே உயர்த்தினேன்.

"துவக்கிலை ஒரு பிழையும் இல்லை மச்சான். கையிலைதான்."

ஜெர்மனிலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ துவக்கைப் பெட்டியில் வைத்துக் கொக்கி பூட்ட மூன்று தடவை முயன்றாய். நான் உதவவில்லை. அதன்பின் நீ வரவே இல்லை.

உன் செத்தவீட்டில் உன் மனைவி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தாள். "அவருக்கு நடுக்க வருத்தம் எண்டு அந்தச் சனிக்கிழமைக்கு முதல் கிழமையே டொக்டர் சொல்லிப்போட்டார் அண்ணை. கடைசியா ஒருக்கா உங்களோடை சுடவேணுமெண்டுதான் வந்தவர். நீங்கள் அறியக்கூடாதெண்டு குழலைக் குறை சொன்னவராம்."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

வெட்கம் பிறகு வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அன்று தாளை உயர்த்தியபோது நெஞ்சு நிறைய ஒரு சந்தோஷம் எழுந்ததே, என் மகள் பிறந்த அன்றுகூட அப்படி ஒன்றை நான் அறிந்ததில்லை. உன் சாவுகூட அதை மங்கச் செய்யவில்லை. அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.