அனுமதி கேட்காத அடுப்பு

1988 தை, செவ்வாய். ஸ்கீவ, டென்மார்க்.

அண்ணியும் பிள்ளையும் வந்தால் குளிரக்கூடாது என்று அண்ணை இங்கே வாங்கிய பழைய வீட்டில் தானே விறகு அடுப்புப் பொருத்தினார். போன கிழமை புகைபோக்கியில் தீப்பிடித்துக் கூரை எரிந்துபோனது. அன்றிலிருந்து அண்ணை என் வீட்டில்தான் இருக்கிறார். இன்று காப்புறுதிக்காரர் வந்தார். அடுப்புக்கு நகரசபையில் அனுமதி எடுத்தீர்களா, புகைபோக்கியை யார் பரிசோதித்தது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒருத்தரும் பார்க்கேல்லை எண்டு சொல்லு. பொய் வேண்டாம்," என்றார் அண்ணை.

அப்படியென்றால் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்று சொல்லிவிட்டு வந்தவர் போனார். அண்ணியை இங்கே அழைக்கப் போட்ட விண்ணப்பத்துக்கும் இன்னும் பதில் இல்லை.

மாலையில் கொழும்பிலிருந்து அண்ணி என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். வீடு குளிருமா என்று கேட்டிருக்க வேண்டும்.

"இல்லையப்பா, நல்ல சூடு. நீர் யோசியாதையும்," என்றார் அண்ணை.

தொலைபேசியை வைத்தவர், குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். இன்னும் அப்படியே இருக்கிறார். விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.