ரெக்சினுக்கு அடியில் இருந்த பெல்ட்

பிளேடை வைத்துப் பின் சீட்டின் ரெக்சின் உறையைக் கிழித்தபோது முதலில் வெளியே வந்தது பெல்ட் இல்லை, வாடை. காய்ந்த தேங்காய் எண்ணெய், ஈரத்துண்டு, கொஞ்சம் பூஞ்சணம். இருபத்தோரு வருஷச் சாரல் சீசனில் அருவியில் குளித்துவிட்டு ஏறியவர்களின் வாடை அது. பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவினேன். பெல்ட்டை மாட்டும் பூட்டு மூன்றும் ஸ்பாஞ்சுக்கு அடியில், நண்பா, நீ திணித்து வைத்த இடத்திலேயே கிடந்தன.

வண்டி வாங்கிய வாரம், குத்துக்கல்வலசையில் உறை தைத்தவர் பூட்டுக்கு ஓட்டை வைக்கவா என்று கேட்டார். நீ முந்திக்கொண்டாய். "அருவியில குளிச்சிட்டு ஈரத்தோட வந்து உக்காருத எடம். ஓட்டை போட்டா தண்ணி உள்ள எறங்கும்லா? பின்னால யாருவே பெல்ட் போடுதா?" தைத்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த ஊரில் பாதி வண்டிகளின் பின் சீட்டு பெல்ட் இன்றும் அப்படித்தான் புதைந்து கிடக்கிறது.

இப்போது தோண்டக் காரணம் என் மகள். சின்னப் பிள்ளையாக மாமா மாமா என்று உன் தோளில் கிடந்தவளுக்கு இப்போது ஒன்றரை வயதில் ஒரு பெண் இருக்கிறாள். சாரலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருவதாக இருந்தாள். வருவதற்கு முன் போனில் கறாராகச் சொன்னாள்: "அப்பா, குழந்தைக்கு சீட் மாட்டலைன்னா உங்க வண்டியில ஏத்த மாட்டேன். வாடகை வண்டிக்குச் சொல்லிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. மாதத்தில் இரண்டு தடவை, பேட்டரி சாகாமல் இருக்க அச்சன்புதூர் வரை போய்த் திரும்பும் வண்டி. அதற்கு இப்படியொரு அலங்காரமா என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஆனால் பேத்தியை வாடகை வண்டியில் ஏற்றிவிட்டு என் வண்டி ஷெட்டில் நிற்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரேயடியாகச் சொன்னார்: "அண்ணாச்சி, எப்பவாச்சும் எடுக்குத வண்டிக்கு இது எதுக்கு? மடியில வச்சிக்கிட்டாப் போச்சு." மடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. வண்டியிலேயே கொக்கி இருந்தால்தான் சில சீட்டுகள் பொருந்துமாம். நம் வண்டியில் அது கிடையாது. பெல்ட்டால் இறுக்கிக் கட்டும் வகையில், குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காருகிற சாதாரண சீட் ஒன்றை எடுத்தேன். பட்டனும் பொம்மையும் வைத்த பெரியதை வேண்டாம் என்றேன். அதைச் சுற்றிவர நம் பெல்ட்டின் நீளம் போதாது.

வீட்டில் நான் பூட்டைத் தோண்டி எடுப்பதை என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் அப்போதுதான் ரயிலிறங்கி வந்து, சீட்டை உலுக்கிப் பார்க்கக் காத்திருந்தாள்.

"எல்லாம் உங்க கூட்டாளி அண்ணாச்சி செஞ்ச வேலை," என்றாள் மனைவி. "பெல்ட்டைக் குடுத்தா உள்ள திணிச்சு வைப்பாக. பிள்ளையக் குடுத்தா பாறையில நழுவ விடுவாக."

மகள் தன் இடது புருவத்தில் இருக்கும் தழும்பைத் தடவினாள். சாதாரணமாகத்தான் தடவினாள். நீ கண்ணை மூடி மூன்று சாரல் ஆகிவிட்டது, இன்னும் உன் பேர் அந்தத் தழும்பில்தான் இருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் பாறையில் வழுக்கவில்லை. ஐந்தருவியிலிருந்து திரும்பும்போது, நாலு வயதுக்காரி, முன் சீட்டில் உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஓட்டப் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வளைவில் ரம்புட்டான் கடையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முன்னால் போன வேன் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தபோது அவள் முன்னால் பாய்ந்தாள். நீ அவள் நெற்றிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் கையைக் கொடுத்தாய். கிழித்தது உன் மோதிரம். உன் மணிக்கட்டு ஒரு மாதம் வீங்கிக் கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நீதான் சொன்னாய்: "ஏல, உம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா இனி சாவியத் தொட விட மாட்டா. பாறையில எங் கையிலேர்ந்து வழுக்கிட்டான்னு சொல்லிக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத." நான் திறக்கவில்லை. அதற்கப்புறம் என் மனைவி உன்னிடம் பிள்ளையைத் தரவேயில்லை. நீ வீட்டுக்கு வந்தால் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள். நீ காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவாய். நான் கோழை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மனைவிதான் முதலில், "உங்களுக்குச் சாவி போகுமேன்னு, அவுக பிள்ளையத் தூக்காமலே போய்ச் சேந்துட்டாகளே," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மகள் சீட்டைப் பிடித்து உலுக்கினாள். ஆடவில்லை. "சரியா இருக்குப்பா," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஐந்தருவிக்குப் போனோம். பேத்தி பின்பக்கம் பார்த்தபடி சீட்டில். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மனைவி. மூன்று பேரும் பெல்ட்டுக்குள். எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. திரும்பும்போது அந்த வளைவு வந்தது. வழக்கம்போல இரண்டாம் கியருக்கு வந்தேன். இருபத்தோரு வருஷமாக அங்கே அப்படித்தான். குரங்கு குறுக்கே வரும், அதனால்தான் மெதுவாகப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பின்னாலிருந்து மனைவி கேட்டாள்: "இங்கனதானா?"

"ஆமா," என்றேன்.