மண்மேட்டின் பச்சை வலை

நவம்பர் 4, செவ்வாய்

நசரத்பேட்டை சைட்டில் தோண்டிப் போட்ட மண் கரையாமல் இருக்க நான் கட்டிய பச்சை வலையை, நேற்று மேனேஜர் அவிழ்க்கச் சொன்னார். பிளாட் பார்க்க வருகிறவர்களுக்கு அசிங்கமாகத் தெரிகிறதாம். வலை கட்டிய போட்டோதான் ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டதே என்றார். நானே அவிழ்த்தேன்.

இன்று மதியம் கொட்டிய மழையில் மேடு கரைந்து, பின்தெரு கன்னியம்மாக்கா வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. இந்த சைட் ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட நிலம். மண்வெட்டியோடு போய் நின்றேன்.

"நெலத்தத்தான் வித்துட்டோமே சார். மண்ண இன்னாத்துக்கு ஊட்டுக்கே திருப்பி அனுப்புறீங்க?" என்றார்.

சேற்றை வாரத் தொடங்குவதற்குள் மேனேஜர் போன். வலையை மறுபடி கட்டி, புதுசாக ஒரு போட்டோ வேண்டுமாம்.

கட்டினேன். அக்கா வீட்டு வாசல் போட்டோவில் விழாத பக்கமாக நின்று எடுத்தேன்.