நோட்டுக்குள் வந்த பழங்கடிதம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இருமல்கூட விட்டுவிட்டது.

இன்று ஒரு சின்னக் கூத்து. ஆவணக் காப்பகத்திலிருந்து கிளம்பும்போது காவலாளி என் பையைச் சோதித்தார். என் நோட்டுக்குள்ளிருந்து காப்பகத்தின் நூறு வருடக் கடிதம் ஒன்று விழுந்தது. பத்து நிமிடம் முன்புதான் என் பேராசிரியர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தந்திருந்தார். அவரே முந்திக்கொண்டு, "சின்னப் பொண்ணு, தெரியாம வச்சிருப்பா, விட்டுடுங்க" என்றார். காவலாளி விடவில்லை, என் பெயரைக் குறித்துக்கொண்டார்.

நாளைக் காலை விசாரணை. பயப்படாதே, அப்பாவிடமும் சொல்லாதே. என் நீலச் சுவெட்டரை அனுப்பு, அறை குளிர்கிறது.

தபால் எடுக்க ஆள் வந்துவிடுவார். படித்ததும் கிழித்துப்போடுவாயே, இதை மட்டும் கிழிக்காதே. இன்றைய தபால் முத்திரை விழுந்த உறையையும் பத்திரமாக வை. தேதியுள்ள காகிதம்தான் சாட்சி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே என் பேராசிரியர்தான்.

உன் மகள்