கொழும்பு மேட்சும் உன் அம்மாவும்

குத்துக்கல்வலசை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அனுசியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஜலந்தரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க ஆய்க்குடி முருகன் துணை. இங்கே சாரல் நன்றாக விழுகிறது. ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லையாம், அவ்வளவு வெளியூர்க் கூட்டம்.

போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். சொல்ல விடமாட்டாள்.

அம்மாவுக்கு நெற்றித் தையலைப் பிரித்தாயிற்று. கையில் மாவுக்கட்டு இன்னும் ஒரு மாதம் இருக்க வேண்டுமாம். சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்துவிட்டேன் என்று அவள் உன்னிடம் சொன்னது பொய். நான்தான் சாப்பிட விடவில்லை.

அன்று இலங்கையோடு மேட்ச். தொடர் எதுவும் கிடையாது, கொழும்பில் ஒரே ஒரு பகல் மேட்ச். நம் ஆட்கள் மளமளவென்று ஐந்து விக்கெட்டை விட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, மாத்திரை போட்டாச்சு, சாப்பிட வாங்க என்று அடுக்களை வாசலுக்கு வந்தாள். வந்ததும் இரண்டு சிக்ஸர். உன் அப்பனுக்குப் புத்தி கெட்டது. "ஏட்டி, நீ நின்ன ராசிதான். அங்கனயே நில்லு, அசையாத" என்றேன். சிரித்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில், "தலையச் சுத்துது, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்து நிக்கேன்" என்றாள். இந்த ஓவர் முடியட்டும் என்றேன். இப்படியே எட்டு ஓவர் நிற்க வைத்தேன்.

விழுந்த சத்தம் கேட்டதும் முதலில் டி.வி.யைத்தான் பார்த்தேன், விக்கெட் போய்விட்டதா என்று. ஒரு நொடிதான். ஆனால் அவளுக்கு நினைவு இருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

மாரியின் ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் நீ போனில், வயசுக்கேற்ற புத்தி வேண்டாமா, அப்பா இருக்கப்போய்த் தப்பித்தாய் என்று அவளைத் திட்டினாய். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டேன். சரிம்மா, சரிம்மா என்று அவள் வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சமையல் நான்தான். சுடுதண்ணீர் மாதிரி ஒரு ரசம் வைத்தேன். அதையும் ஒரு சொல் சொல்லாமல் குடித்தாள். முன்பென்றால் தெருவுக்கே கேட்க ஏசியிருப்பாள். ஏசினால்கூட எனக்குச் சோறு இறங்கும்.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும் தாயி. இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, திட்டியதற்கு மன்னிப்புக் கேள். அப்படியே எனக்கும் சேர்த்துக் கேட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சுந்தரபாண்டியன்