சகாயராணியின் வளையல் அளவு

அன்பு சகாயராணிக்கு,

மாதா புண்ணியத்தில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் பிள்ளை ஐரின் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

திண்டுக்கல் பிரியாணியை விட்டு, ஐதராபாத் வந்து இட்லி ஊற்றும் அறிவாளியான நான், ஞாயிறு சாயங்காலம் சார்மினார் பார்த்தேன். நம் மலைக்கோட்டை முன்னால் அது சிறிசுதான். ஆனால் விளக்குப் போட்டதும் வளையல் கடைத்தெருவில் திருவிழாக் கூட்டம், எல்லாரும் குடும்பத்தோடு.

உனக்கு வளையல் கேட்டேன். கடைக்காரர் அளவு கேட்டார். இத்தனை வருஷம் பிடித்த கை, சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் கையைக் காட்டி, “இம்புட்டுத்தான் இருக்கும்” என்றேன்.

அந்த அம்மாளின் புருஷன் மதுரைக்காரர் போல. “யோவ், உம் பொண்டாட்டி கையைக் காட்டுய்யா!” என்றார்.

எங்கே காட்டுவது? திரும்பி வந்துவிட்டேன்.

போனில் கேட்டால் வேண்டாம் என்பாய். பழைய வளையலைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இட்லி வெந்துவிட்டது, முடிக்கிறேன். பக்கத்தில் உன் கையையும் வைத்து வரை. அது கடைக்காரருக்கு இல்லை.

உன்
சூசை